கொர்தோபாவின் வட்டும் சிட்னி வெயிலும்

அருங்காட்சியகத்தின் மேல்மாடத்தில் இருக்கும் பித்தளை வட்டில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்திவிடலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டதாக ஹனான் தொலைபேசியில் சொன்னாள். நான் ஓய்வுபெற்று, சிட்னியின் மேற்கே வெஸ்ட்மீட்டில் ஒரு பல்கனியில் கறிவேப்பிலைக் கன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற ஆள். என்னைக் கேட்காமலே திருத்தியிருக்கலாம். கேட்டுவிட்டீர்கள், இனிக் கதையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். பத்மா வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று அருங்காட்சியகத்தில் யாரை விசாரித்தாலும் சொல்வார்கள்.

நீங்கள் சேர்ந்திருப்பது செய்துகாட்டும் வேலை. மற்றவர்கள் பொருளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாங்கள் அதே மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து, சனத்தின் முன்னால் இயக்கிக் காட்ட வேண்டும். இயங்குகிற நாளில் இந்த வேலையை யாரும் பார்க்கலாம். இயங்காத நாள் ஒன்று கட்டாயம் வரும். அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கவலை.

என்னை வேலைக்குப் பழக்கியவர் ஒரு நெட்டை மனிதர். பெயர் சொன்னால் கோபிப்பார், விடுங்கள். ஒரு மழை நாள். மின்பொறி பறக்கவேண்டிய இயந்திரம் ஈரக் காற்றில் செத்துக் கிடக்கிறது. வாசல்வரை கூட்டம். நான் வெட்கத்தில் திரையை இழுத்து மூடப்போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்து, "இது இன்றைக்கு ஏன் வேலை செய்யவில்லை, யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். பொறி பறந்த நாட்களில்கூடச் சனம் அவ்வளவு நேரம் நின்றதில்லை. அதை நான் மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

இனி ஹனானின் கதை. இன்றைக்கு உங்கள் பிரிவின் தலைவி, நீங்கள் பார்த்தவுடன் எழுந்து நிற்கிறீர்களாமே, அதே ஹனான்தான். அப்போது அவள் ஒப்பந்தத்தில் வந்த புதுக் கண்காட்சி அமைப்பாளர். பெய்ரூட்டில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்து, மெரிலேண்ட்ஸில் வளர்ந்தவள். அவள் கதைத்தது எல்லாம் ஆங்கிலத்தில். நான் என் தமிழில்தான் எழுதுவேன். அவளும் எங்கள் இயக்குநரும் யாழ்ப்பாணத்து ஆட்கள் மாதிரிக் கதைத்தால் குறை நினைக்காதீர்கள்.

மத்தியதரைக் கடலைச் சுற்றி இஸ்லாமிய நாகரிகம் வளர்த்த அறிவியலும் கலையும், இதுதான் அவளுடைய முதல் கண்காட்சி. காகிதம் எப்படிக் கிழக்கிலிருந்து பாக்தாத் வழியாக ஸ்பெயின் வரை போனது என்று ஒரு பக்கம். கொர்தோபாவில் ஆயிரம் வருடங்களுக்கு முன் இருந்த ஓர் அறுவை மருத்துவர் தன் கத்திகளையும் கொக்கிகளையும் ஒவ்வொன்றாக வரைந்து விட்டுப்போன படங்களின் நகல்கள் இன்னொரு பக்கம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற என் தங்கை அவற்றைப் பார்த்துவிட்டு, "அக்கா, உதுகளிலை சிலதை நான் நேற்றும் கழுவி வைச்சனான்" என்றாள். சிசிலியின் கிறிஸ்தவ அரசனுக்காக ஒரு முஸ்லிம் அறிஞர் வரைந்த உலகப் படம் நடுச்சுவரில். அதில் தெற்கு மேலே இருக்கும். நம் ஆஸ்திரேலியர்களுக்கு அதைப் பார்த்து அப்படி ஒரு சந்தோசம், கடைசியில் எங்களை மேலே வைக்க ஒருவன் வந்தான் என்று. அந்தப் படத்தில் ஆஸ்திரேலியாவே கிடையாது என்று நான் சொல்லப் போகவில்லை.

கண்காட்சியின் உயிர், கொர்தோபாவில் செய்த ஒரு அஸ்ட்ரோலேப். வெளிநாட்டிலிருந்து இரவல் வந்தது. பெயர் பயமுறுத்தினாலும் சங்கதி எளிது. வானத்தைத் தட்டையாக்கி உள்ளங்கையில் அடக்கிய பித்தளை வட்டு அது. பின்பக்கத்தில் இரண்டு ஊசித்துளை வைத்த ஒரு சட்டம் சுழலும். அதால் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கலாம். முன்பக்கத்தில் விளிம்புள்ள அடிப்பாகத்துக்கு அரபியில் தாய் என்று பெயர். தாயின் மடியில் ஒரு மெல்லிய தட்டு கிடக்கும், அதில் ஒரு ஊரின் வானம் கோடு கோடாகச் செதுக்கியிருக்கும். அதன்மேல் சிலந்தி என்று ஒரு வலைப்பின்னல் சுழலும், சூரியன் வருடம் முழுக்கப் போகிற பாதை அதில் குறித்திருக்கும். இன்றைய தேதிக்குரிய சூரியனைச் சிலந்தியில் பிடித்து, அளந்த உயரத்தின் கோட்டில் கொண்டுபோய் வைத்தால், விளிம்பில் நேரம் தெரியும். ஊர் மாறினால் தட்டை மாற்ற வேண்டும். அதனால் ஒரே தாய்க்குள் பல ஊர்த் தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எங்களுக்கு வந்ததிலும் அப்படி ஒரு அடுக்கு இருந்தது.

அதைக் கண்ணாடிக்குள் வைப்பதோடு, வேலை செய்கிற நகல் ஒன்று செய்து, மேல்மாடத்தில் உண்மையான சூரியனுக்கு முன்னால் பிள்ளைகளை அளக்கவிட வேண்டும் என்பது ஹனானின் பிடிவாதம். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் ஆயுள் முழுக்க பீங்கானும் கம்பளமும் பார்த்தவர். வட்டின் பூவேலையைப் பார்த்து உருகிப்போனார். நகைகளும் ஓடுகளும் இருக்கிற கீழ்மண்டபத்தில் அதை வைக்கவேண்டும் என்றார். சுவரில் எழுதுவதற்கு ஒரு வசனமும் வைத்திருந்தார். இஸ்லாமிய உலகம் கிரேக்க அறிவைப் பத்திரமாகப் பாதுகாத்து ஐரோப்பாவிடம் ஒப்படைத்தது என்று.

ஹனான் கொதித்துப்போனாள்.

"பாதுகாத்ததோ? அத்தினை நூற்றாண்டா என்ன, பாங்க் லொக்கர் வேலையோ பார்த்தவை? பிழை பிடிச்சவை, சண்டை போட்டவை, புதுசாச் செய்தவை!"

"கோபப்படாதேயும்" என்றார் இயக்குநர். "வேலை செய்யிற சாமான் எண்டு சொல்லுறீர். திறப்பு நாள் அண்டைக்குச் செய்துகாட்டும். செய்தால் வட்டும் மேலை இருக்கட்டும், வசனமும் உம்முடையதே இருக்கட்டும். இல்லாட்டி வட்டு கீழை போகும், நான் எழுதினது சுவரிலை ஏறும்."

அதோடு இன்னொன்றும் இருந்தது, அவர் வாயால் சொல்லவில்லை. ஹனானின் ஒப்பந்தம் கண்காட்சியோடு முடிகிறது. சொதப்பினால் யார் அதை நீட்டிப்பார்கள்? போதாக்குறைக்கு அவள் திறப்பு நாளுக்கு மெரிலேண்ட்ஸிலிருந்து, தான் படித்த பள்ளிக்கூடத்தின் விடுமுறை வகுப்புப் பிள்ளைகளை அழைத்துவிட்டாள். கீழ்மண்டபத்து ஓடுகளைக் காட்டி அனுப்புவதற்காக அவள் அவர்களை அழைக்கவில்லை.

நகலைச் செய்தவர் செந்தில். கோயம்புத்தூர்க்காரர், பட்டறையில் எங்கள் பொறியியலாளர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். நான் அவரை "நீர்" என்று சொல்லும்போதெல்லாம், "அக்கா, எனக்கு ராஜா வேஷம் கட்டிவிட்ட மாதிரி இருக்குதுங்க" என்று சிரிப்பார். இரவல் கொடுத்தவர்கள் எல்லாத் தட்டுகளின் அளவுப் படங்களையும் அனுப்பியிருந்தார்கள். அவர் மேலே தெரிகிற தட்டை மட்டும் வெட்டினார். "ஒண்ணு போதாதுங்களா? பெட்டிக்குள்ள பாக்கறவங்களுக்கு அது ஒண்ணுதான தெரியும்?" என்றார். மயிர்க்கோடு பிசகாமல் வெட்டியிருந்தார். எங்களுக்கும் சரியென்றுதான் பட்டது. அந்த வாரம் முழுக்க சிட்னியில் மழை. பட்டறை மேசையில் ஒரு விளக்கைச் சூரியனாக்கி வைத்து ஓட்டிப் பார்த்தோம். அழகாக ஓடியது.

திறப்பு நாள் ஜனவரியில் வந்தது. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. பள்ளிப் பேருந்து வருவதற்கு முன்னால் ஒருக்கால் வெயிலில் பார்ப்போம் என்று மூன்று பேரும் மேல்மாடத்துக்கு ஏறினோம். நான் வளையத்தைப் பிடித்து வட்டைத் தொங்கவிட்டேன். செந்தில் சட்டத்தைத் திருப்பினார். மேல்துளையால் வந்த வெளிச்சப் பொட்டு கீழ்த்துளையில் விழுந்தது. உயரம் கிடைத்துவிட்டது. முன்பக்கம் திருப்பி, ஜனவரிச் சூரியனைச் சிலந்தியில் பிடித்து, உயரக் கோட்டுக்கு நகர்த்தினால், போகவில்லை. சுற்றிச் சுற்றி வருகிறது, மேலே ஏறமாட்டேன் என்கிறது. வெளியே சூரியன் தலைக்கு மேலே வந்துகொண்டிருக்கிறது, வட்டில் இருக்கிற சூரியனோ அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேயே படுத்துக் கிடக்கிறது.

"இன்னொருக்கா அளவும்" என்றேன்.

மறுபடியும் அளந்தார். அதே கதைதான். செந்திலின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... நான் ஒரு கோடுகூட மாத்தலைங்க. அச்சு அசல் அப்படியே கொர்தோபாதாங்க."

சொன்ன பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். அச்சு அசல் கொர்தோபா. அங்கே ஜனவரியில் குளிர்காலம், சூரியன் அவ்வளவுதான் ஏறும். வடக்கிலிருந்து வந்த மூன்று பேர் வடக்கத்திக் கருவி ஒன்றை மயிரிழை பிசகாமல் நகலெடுத்து, தெற்கில் கொண்டுவந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இத்தனை வருடமாக இங்கே டிசம்பர் வெயிலில் நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்மஸுக்கு, வியர்த்து ஒழுகுகிறவர்கள்தான் நாங்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, ஹனானின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது.

"தொலேடோவிலை ஒருத்தர் எந்த ஊருக்கும் பொருந்துற ஒரே தட்டு ஒண்டைக் கண்டுபிடிச்சவர்" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வதுபோல. "அதைக் கேட்டு வாங்கியிருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை."

செந்தில் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒண்ணு பண்ணலாம். நீங்க கையில வாட்சைப் பாத்துட்டு, சிலந்தியை அந்த நேரத்துக்கே திருப்பி வச்சிருங்க. எந்தக் கோட்டுல நிக்குதுன்னு யாருக்குங்க தெரியப்போகுது?"

உண்மைதான். யாருக்கும் தெரியாது. இந்த வேலையில் ஏமாற்றுவது அவ்வளவு சுகம். உங்களுக்கும் ஒரு நாள் அந்த எண்ணம் வரும், அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். நான் ஹனானைப் பார்த்தேன். அவள் மறுக்கவில்லை.

"இண்டைக்கு மட்டும், பத்மா" என்றாள். "நாளைக்குச் சரிசெய்வம்."

"ஏலாது" என்றேன்.

"ஏன் ஏலாது?"

"வேலை செய்யிற சாமான் எண்டு சுவரிலை எழுதத்தானே இவ்வளவு சண்டை? பிள்ளையளைப் பேய்க்காட்டிப்போட்டு அதை எழுதப்போறீரோ? அப்பிடியெண்டால் கீழை கொண்டுபோய் நகையளோடையே வைப்பம். அது நேர்மை."

"உமக்கென்ன!" அவள் குரல் உடைந்தது. "உம்மடை வேலை நிரந்தரம். போனால் போறது என்ரை வேலை. உம்மடை நேர்மைக்கு நான் செலவழிய வேணுமோ?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அடுத்தவளுடைய பிழைப்பைப் பணயம் வைத்து வீரம் பேசுவது சுலபம். அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்திருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வட்டைக் கையில் வைத்துப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்றுமட்டும் தெளிவாக இருந்தது. அதைச் செய்தவன் பிழை விடவில்லை. அவனுடைய ஊரில் அது இன்றைக்கும் சரியாகக் காட்டும். பொம்மை மாதிரி அதைப் பிடித்துத் திருப்பினால், அது ஒரு காலத்துப் பூவேலை என்று இயக்குநர் சொன்னதை நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் வேலையைக் காப்பாற்றப்போய் அவள் சொன்ன எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடுவோம்.

"ஹனான், வேலை செய்யேல்லை எண்டு சொல்லிப்போட்டு, ஏன் செய்யேல்லை எண்டு காட்டுவம்" என்றேன். "மிச்சத்துக்கு நான் பொறுப்பு."

அவள் சுவரோரம் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய தொலைபேசி முனகியது. எடுத்துப் பார்த்தாள், கசப்பாகச் சிரித்தாள்.

"பெய்ரூட்டிலை இருக்கிற என்ரை சித்தி. திறப்பு விழாவுக்கு வாழ்த்து. அங்கத்தை மலையிலை பனிக்குள்ளை நிண்டு படம் எடுத்து அனுப்பியிருக்கிறா. ஜூலையிலை இஞ்சை நான் கோட்டுப் போட்டுக்கொண்டு நிப்பன், அவ கடலிலை குளிப்பா. எப்பவும் ஆறு மாதம் மாறி."

செந்தில் தலையைத் தூக்கினார்.

"இருங்க. அவங்க ஊர்ல ஜூலையில சூரியன் எவ்வளவு உயரம் ஏறுமோ, இங்க ஜனவரியில அவ்வளவு ஏறும். அப்படித்தானுங்க?"

"அதுக்கு?"

"அப்போ வட்டுகிட்ட ஜனவரின்னு சொல்லாம ஜூலைன்னு சொல்லிப் பாப்போம்."

ஜூலைச் சூரியனைச் சிலந்தியில் பிடித்துத் திருப்பினார். சும்மா விறுவிறுவென்று மேலே ஏறியது. நான் கைதட்டினேன். செந்தில் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். கொர்தோபா பூமத்தியரேகையிலிருந்து எங்களைவிடத் தள்ளி இருக்கிறது, வடக்கே முப்பத்தெட்டாம் பாகையில். சிட்னி தெற்கே முப்பத்துநான்குக்குக் கொஞ்சம் குறைவு. இந்தத் தட்டோடு போனால் நேரம் சற்றுப் பிசகும்.

"மற்றத் தட்டுகளின்ரை படம் இருக்கெல்லோ?" என்று எழுந்தாள் ஹனான்.

செந்தில் மடிக்கணினியைத் திறந்தார். பழைய காலத்தில் அரபியில் எழுத்துகளையே எண்களாக எழுதுவார்கள். ஒவ்வொரு தட்டிலும் எந்த அகலாங்குக்கு, அதாவது எந்த அட்சரேகைக்கு, உரியது என்று அப்படிச் செதுக்கியிருந்தது. ஹனான் விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனாள். மெக்கா. கெய்ரோ. பிறகு ஒரு தட்டில் விரல் நின்றுவிட்டது.

"முப்பத்துமூண்டரை" என்றாள். "டமாஸ்கஸ்." கொஞ்சம் பொறுத்து, "மலைக்கு இந்தப் பக்கம் இறங்கினால் பெய்ரூட். நான் பிறந்த இடம். அங்கை இன்னும் கொஞ்சம் கூட, முப்பத்துநாலுக்குச் சொச்சம் குறை."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடலின் ஒரு கரையில் கொர்தோபாவில் செய்த வட்டுக்குள், மறுகரையின் வானத்தை யாரோ ஒரு பயணிக்காக மடித்து வைத்திருக்கிறார்கள். அதைக் குப்புறக் கவிழ்த்தால் சிட்னி. ஹனானுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். கீழே பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பித்தளை வெட்ட நேரமில்லைங்க. அக்ரிலிக்ல வெட்டறேன்" என்று செந்தில் படிகளில் பாய்ந்தார்.

"கெதியா ஓடும்! நான் சமாளிக்கிறன்!" என்று கத்தினேன்.

மேல்மாடம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள், ஆசிரியர்கள், கோட்டுப் போட்ட விருந்தாளிகள், முன்வரிசையில் இயக்குநர். ஹனான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் நெட்டை மனிதரை ஒருமுறை நினைத்துக்கொண்டு, கொர்தோபாத் தட்டோடு வட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

"இந்தச் சாமான் இண்டைக்கு உங்களுக்கு முன்னாலை தோற்கப்போகுது. ஏன் எண்டு நீங்கள்தான் எனக்குச் சொல்லவேணும்."

இயக்குநரின் புருவம் ஏறியது. முக்காடு போட்ட ஒரு மாணவியை முன்னே அழைத்தேன். சூரியனை நேரே பார்க்கக்கூடாது, வெளிச்சத்தைத் துளையில் பிடிக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். கவனமாக அளந்தாள். முன்பக்கம் திருப்பினாள், நகர்த்தினாள். சூரியன் ஏறவில்லை.

"மிஸ், இது உடைஞ்சு போச்சு" என்றது ஒரு குரல். "அவள் பிழையா அளந்திட்டாள்" என்றது இன்னொன்று. "இல்லை, நான் சரியாத்தான் அளந்தனான்!" என்று அவள் பொங்கினாள். நான் வாயே திறக்கவில்லை. இது எந்த ஊரில் செய்தது என்று ஒருத்தி கேட்டாள். ஸ்பெயின் என்றேன். அவ்வளவுதான், பின்னால் இருந்து நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில், "அங்கை இப்ப விண்டர்!" என்று கூவின. லெபனானிலும் சிரியாவிலும் சொந்தக்காரர் உள்ள பிள்ளைகள். அவர்களுக்கு இது தெரியாதா?

நல்ல வேளை, அப்போது செந்தில் மூச்சுவாங்க வந்து சேர்ந்தார். கையில் புதுத் தட்டு, கிளிப்பச்சை நிறத்தில். பட்டறையில் அந்த நேரம் கைக்குக் கிடைத்த அக்ரிலிக் அதுதானாம். பித்தளைத் தாயின் மடியில் பச்சைப் பிளாஸ்டிக்கை வைத்துப் பூட்டினோம்.

"பச்சையோ?" என்று இயக்குநர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"இது டமாஸ்கஸ் வானம்" என்றேன் பிள்ளைகளிடம். "அங்கை ஜூலையிலை சூரியன் ஏறுற அளவுக்கு இஞ்சை ஜனவரியிலை ஏறும். இப்ப பாப்பம்."

மாணவி மறுபடி அளந்தாள். ஜூலைச் சூரியனைப் பிடித்து உயரக் கோட்டில் கொண்டுபோய் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. விளிம்பில் நேரத்தை வாசித்துச் சொன்னாள். எல்லோரும் கைக்கடிகாரத்தையும் தொலைபேசியையும் பார்த்தார்கள்.

ஒரு மணித்தியாலம் குறைவு.

இயக்குநர் தன் கடிகாரத்தையும் வட்டையும் மாறி மாறிப் பார்த்தார். செந்தில் பச்சைத் தட்டை வெறித்துப் பார்த்தார். கடவுளே, தட்டைத் தலைகீழாக வைத்துவிட்டோமா, கோடு தப்பிவிட்டதா? மிச்சத்துக்கு நான் பொறுப்பு என்று வாயாடியவள் நான்தான்.

அப்போதுதான் ஓரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஹனான். கட்டிய கையை அவிழ்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் உங்கடை மணிக்கூட்டை வடிவாப் பாருங்கோ" என்றாள். "ஒக்டோபரிலை அதை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது ஆர்?"

ஒரு கணம். பிறகு அந்த மாணவி துள்ளினாள்.

"டேலைட் சேவிங்! நாங்கள்தான் தள்ளினனாங்கள்!"

"சூரியனை ஆராவது தள்ளினவையோ?"

"இல்லை!"

"அப்ப ஆர் சரி?"

மேல்மாடமே அதிர்ந்தது. வட்டு, வட்டு என்று கத்தினார்கள். விருந்தாளிகளும் சேர்ந்து கத்தினார்கள். கோடைக்காக நாங்கள் எல்லோரும் பேசிவைத்துச் சொல்லுகிற பொய் நேரத்தை, அந்த வட்டு ஒன்றுதான் ஏற்றுக்கொள்ளவில்லை. செந்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினார். மாணவி நேரே இயக்குநரிடம் போய், "சேர், உங்கடை மணிக்கூடு பிழை" என்றாள். அவர் அதைக் கழற்றி, காதில் வைத்துப் பார்த்து, "அப்ப நான் ஒக்டோபரிலை இருந்து பொய் சொல்லிக்கொண்டு திரியிறன் போலை" என்றார். அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் ஹனானிடம் வந்தார். பச்சைத் தட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"வடிவில்லை" என்றார். "ஆனால் மேலையே இருக்கட்டும். உம்மடை வசனத்தைத் தாரும்."

இன்றைக்கு நீங்கள் தினமும் கடந்துபோகிற சுவரில் இருக்கிறதே, அவர்கள் அளந்தார்கள், பிழை திருத்தினார்கள், புதிதாகச் செய்தார்கள் என்று, அது அப்படி ஏறியதுதான். ஹனானின் ஒப்பந்தம் நீண்டது, பிறகு நிரந்தரமானது, பிறகு அவள் எனக்கே மேலதிகாரியானாள். எல்லோரும் போனபின் அவள் என்னிடம், "காலமை சொன்னதுக்குக் கோபமோ?" என்று கேட்டாள். கோபம் இல்லை, பசி என்றேன். மெரிலேண்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவளுடைய அம்மாவின் குசினியில் உட்காரவைத்து, மூச்சுவிட முடியாமல் சாப்பாடு போட்டாள். செந்தில் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

செந்தில் பிறகு பித்தளையில் ஒரு டமாஸ்கஸ் தட்டு வெட்டித் தந்தார், அது அலுமாரியில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பச்சைதான் வேண்டுமாம், விட்டுவிட்டோம்.

இப்போது நீங்கள் கேட்ட பிழைக்கு வருகிறேன். கோடைகாலத்தில் அந்த வட்டு ஒரு மணித்தியாலம் பிந்திக் காட்டுகிறது, பார்வையாளர்கள் முறையிடுகிறார்கள், விளிம்பில் எண்களை ஒன்று தள்ளி ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வட்டில் கை வைக்காதீர்கள். முறையிடுகிறவருக்கு ஒரு வணக்கம் சொல்லி, வளையத்தை அவர் கையில் கொடுத்து, சூரியனை அவரையே அளக்கவிடுங்கள். அளந்து முடித்துத் தன் கடிகாரத்தைப் பார்ப்பார். அப்போது, ஹனான் கேட்ட மாதிரியே சிரித்துக்கொண்டு, அதைத் தள்ளினது ஆர் என்று கேளுங்கள்.